பெங்குவின் நோட்டு செல்லுமா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன், மிருகப் படம் போட்ட நோட்டுகளாகத் தேடித் தேடிச் சேர்க்கிறான். நாணயக் கண்காட்சியில் ஒருவர், பெங்குவின் படம் போட்ட அண்டார்டிகா டாலரை "அபூர்வம், விலை ஏறிக்கொண்டே போகும்" என்று 1,200 ரூபாய்க்குத் தலையில் கட்டிவிட்டார். அது நிஜப் பணமா?
- வாசகி, மதுரை

பதில்: இல்லைங்க. அண்டார்டிகாவுக்கென்று அரசாங்கமே கிடையாது. 1959இல் பல நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி நிர்வகிக்கப்படும் கண்டம் அது. அரசே இல்லாத இடத்தில் ரிசர்வ் வங்கி எங்கிருந்து வரும்? சேகரிப்பவர்களுக்கு விற்பதற்காகவே 1990களில் தனியார் அச்சடிக்கத் தொடங்கிய நோட்டு அது. 'ஃபேன்டஸி நோட்டு' என்பார்கள். எந்த நாட்டு நோட்டையும் பார்த்து அடிக்காததால் கள்ளநோட்டும் ஆகாது. ஆனால் அச்சடித்தவர் நினைத்தால் இன்னும் ஆயிரம் அடிக்கலாம். அப்புறம் என்ன அபூர்வம்? படம் அழகாக இருக்கிறதென்றால் வைத்துக்கொள்ளட்டும். விலை ஏறும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி வாங்கும்போது 'இதை வெளியிட்டது யார்?' என்று பையனையே கேட்கச் சொல்லுங்கள். மத்திய வங்கி வெளியிட்டிருந்தால் பெரும்பாலும் உலக நோட்டுகளைப் பட்டியலிடும் 'பிக்' கேட்டலாக்கில் ஓர் எண் இருக்கும். கடைக்காரர் மழுப்பினால் நகர்ந்துவிடலாம்.

நிஜ நோட்டுகளிலேயே மிருகங்களுக்குப் பஞ்சமில்லை. தென்னாப்பிரிக்க ரேண்டில் காண்டாமிருகம், யானை, சிங்கம், எருமை, சிறுத்தை என ஐந்தும் உண்டு. எனக்குப் பிடித்தது இலங்கையின் 20 ரூபாய். 2010 வரிசை நோட்டுகளில் ஆளுக்கொரு பறவை, கூடவே ஒரு பட்டாம்பூச்சி. இந்த 20 ரூபாயில் இருக்கும் குட்டி ஆந்தை, 2004இல்தான் புதிய இனமாக அறிவியல் பெயர் பெற்றது. பெயர் வைத்து சில வருஷங்களிலேயே நோட்டில் ஏறிவிட்டது!

காசே செலவழிக்க வேண்டாமென்றால், மளிகைக் கடை மீதியில் பழைய காந்தி வரிசை 10 ரூபாய் வருகிறதா என்று பாருங்கள். பின்பக்கம் காண்டாமிருகம், யானை, புலி மூன்றும் ஒன்றாக நிற்கும். மடிப்பில்லாததாகப் பார்த்து எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும்: லேமினேட் செய்துவிடாதீர்கள். தாத்தா கொடுத்த 2 ரூபாய் புலி நோட்டை நான் அப்படித்தான் 'பத்திரப்படுத்தினேன்'. சூட்டில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக்கை இனி பிரித்தால் புலியும் சேர்ந்து உரிந்து வரும். பி.வி.சி. கலக்காத ஆல்பம் உறை போதும்.