ஊராட்சி அலுவலகத்துக்கு விசைப்பலகையும் சுட்டியும் வாங்குதல்

ஒரு கணிப்பொறி வாங்குவதென்றால் நாம் பல நாள் ஆலோசிக்கிறோம். விலைப்புள்ளி கோருகிறோம், ஒப்பிட்டுப் பார்க்கிறோம், கோப்பு மேசைக்கு மேசை செல்கிறது. அதனுடன் வந்த விசைப்பலகை பழுதானால் மட்டும், நகரத்துக்குச் செல்லும் யாரிடமாவது 'ஒரு கீபோர்டு வாங்கி வாருங்கள்' என்று சொல்லியனுப்பி விடுகிறோம். ஆனால் நாள் முழுவதும் ஊழியரின் விரல் படுவது அந்தப் பலகையின் மீதுதான். உள்ளிருக்கும் பொறி எத்துணை விரைவாகக் கணக்கிட்டாலும், அதற்குள் செல்லும் ஒவ்வோர் எழுத்தும் எண்ணும் இவ்வாயில் வழியாகவே சென்றாகவேண்டும்.

இஃது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒரு சம்பவத்தினால் அறிந்தேன். முன்பு நான் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், வீடு கட்டும் திட்டத்தில் பயனாளியான ஒரு மூதாட்டி கடன் வாங்கி அடித்தளம் போட்டு முடித்திருந்தார். அளவீடு எடுத்தாயிற்று, பட்டியலும் அனுப்பியாயிற்று, பணம் மட்டும் வரவில்லை. ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. விசாரித்ததில், வங்கிக் கணக்கு எண்ணில் அடுத்தடுத்து வரும் இரண்டு ஏழுகளில் ஒன்று விடுபட்டிருந்தமையால் தொகை திரும்பிவிட்டது தெரிந்தது. எண்ணைப் பதிந்த ஊழியரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பினேன். அவர் பதில் எழுதவில்லை. நேரில் வந்து, 'ஐயா, நீங்களே ஒருமுறை அந்த ஏழை அழுத்திப் பாருங்கள்' என்றார். அழுத்தினேன். பத்து முறை அழுத்தினால் ஏழு முறைதான் திரையில் எண் விழுந்தது. குறிப்பாணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். எண்ணைத் திருத்தி மீண்டும் பணம் வந்து சேர இரண்டு மாதமாயிற்று. அதுவரை அம்மூதாட்டி கடனுக்கு வட்டி கட்டினார். அப்பலகையின் விலை முந்நூறு ரூபாய்கூட இராது.

விசை ஏன் இவ்வாறு தவறுகிறது என்பதை அறிந்துகொள்வது வாங்குபவருக்கு உதவும். மலிவான பலகைகளில் விசைகளுக்கு அடியில் சிறு குமிழ்கள் கொண்ட ஒரு ரப்பர் விரிப்பு உண்டு. அதற்கும் கீழே மின்கோடுகள் தீட்டிய இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். இடையே துளையிட்ட ஒரு தாள் அவற்றைப் பிரித்து வைத்திருக்கும். விசையை அழுத்தினால் குமிழ் அமுங்கி, மேல் தாள் கீழ்த் தாளைத் தொடுகிறது. அப்போதுதான் எழுத்து பதிகிறது. விசையை அடிவரை அழுத்தினாலன்றி இத்தொடர்பு ஏற்படாது. நாளடைவில் ரப்பர் இறுகும், மின்கோடு தேயும், தேநீர் சிந்தினால் தாள்களுக்கிடையே ஈரம் புகும். அதிகம் பயன்படும் விசைகளே முதலில் கெடும். நம் அலுவலகங்களில் அவை பெரும்பாலும் எண் விசைகள்தாம்.

மற்றொரு வகை, மெக்கானிக்கல் கீபோர்டு என்று கடைக்காரர் கூறுவது. இதில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே சுருள்வில்லும் உலோகத் தொடர்பும் உண்டு. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் செய்யும் விசைகள் இவ்வகையில் பெயர்பெற்றவை. பொதுவாக இவ்வகை விசை 4 மில்லிமீட்டர் ஆழம் வரை அமுங்கும். ஆனால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிந்துவிடும். ஆகவே ஓங்கித் தட்டவேண்டியதில்லை. விரல் களைப்பதும் குறைவு. ஒரு விசை ஐந்து கோடி முறையும் அதற்கு மேலும் உழைக்கும் என்று தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். விலையோ பல மடங்கு. சில வகைகள் பழைய தட்டச்சுப் பொறியைப் போல ஓசையும் எழுப்பும். கூட்ட அறைக்கு அடுத்த அறையில் அவற்றை வைக்கலாகாது. நாள் முழுவதும் பதிவு செய்யும் ஊழியர் ஒருவர் இருக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கு இது வீண்செலவன்று என்பதே என் கருத்து. மாதத்தில் சில நாட்கள் மட்டும் கணக்கேற்றும் சிறிய ஊராட்சிக்கு, உறுதியான ஒரு ரப்பர்க் குமிழ்ப் பலகையே போதும். கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். கெட்ட பிறகும் வைத்துக்கொண்டிருப்பதுதான் கூடாது.

தமிழுக்கு ஏற்ற பலகை எது?

'தமிழ் கீபோர்டு' என்று தனியே கேட்டு அலையும் நண்பர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். அதற்கு அவசியமே இல்லை. விசைப்பலகை கணிப்பொறிக்கு அனுப்புவது, எத்தனையாவது விசை அழுத்தப்பட்டது என்ற குறியை மட்டுமே. அதை ஆங்கில எழுத்தாகக் கொள்வதா, தமிழ் எழுத்தாகக் கொள்வதா என்பதைக் கணிப்பொறியிலுள்ள மென்பொருளே தீர்மானிக்கிறது. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசால் ஏற்கப்பெற்ற 'தமிழ் 99' அமைப்பை எந்தப் பலகையிலும் பயன்படுத்தலாம். விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்புகளிலிருந்து அது உடனேயே அமைந்து வருகிறது. அமைப்புப் பகுதியில் சேர்த்துக்கொண்டால் போதும்.

எனினும், எந்தப் பலகையும் ஒன்றுதான் என்று கொள்ளவும் கூடாது. தமிழ் 99-இல் உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் தரப்பட்டுள்ளன. அடிக்கடி வரும் க, ப, ம, த, ந, ய ஆகிய ஆறும் வலக்கையின் நடு வரிசையில் வரிசையாக அமைந்துள்ளன. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகளே போதும். புள்ளி தானே விழுந்துவிடும். மிக நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் இதனால் ஒரு விளைவு உண்டு. ஆங்கிலத்தில் அரைப்புள்ளியும் மேற்கோள் குறியும் இருக்கும் விசைகளில்தான் நமக்கு நகரமும் யகரமும் வருகின்றன. சதுர அடைப்புக்குறி விசைகளில் சகரமும் ஞகரமும், சாய்கோட்டு விசையில் ழகரமும் வருகின்றன. ஆங்கிலம் எழுதுவோர் இவ்விசைகளை எப்போதாவது தொடுவர். தமிழ் எழுதுவோர் வரிக்கு வரி தொடவேண்டும்.

அழகுக்காகவும் இடச் சுருக்கத்துக்காகவும் செய்யப்படும் சிறு பலகைகள் சிலவற்றில், வலப்புற ஓரத்து விசைகளையே பாதி அகலத்துக்குக் குறுக்கிவிடுகிறார்கள். சிலவற்றில் அம்புக்குறி விசைகளை நுழைப்பதற்காகச் சாய்கோட்டு விசையை இடம் மாற்றியும் விடுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்து 'நன்றாகவே இருக்கிறது' என்று வாங்கி வந்துவிட்டால், 'ஊராட்சி', 'வாழ்வாதாரம்' என்று எழுதும்போதுதான் தொல்லை தெரியும். ஆகவே கடையில் பலகையைக் கையிலெடுத்தவுடன் முதலில் வலது ஓரத்தைப் பாருங்கள். அங்குள்ள விசைகள் மற்ற விசைகளின் அகலமே உடையனவாய், வழக்கமான இடத்தில் இருக்கவேண்டும்.

எஃப், ஜே என்னும் இரு விசைகளிலும் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடு உண்டு. கண்ணால் பாராமல் கைகளை இடத்தில் வைப்பதற்கான அடையாளம் இது. தமிழ் 99-இல் அவ்விடங்களில் ஆய்தமும் பகரமும் அமைகின்றன. பார்வைக் குறைபாடுடைய ஊழியருக்கு இம்மேடு பெருந்துணை. மலிவுப் பலகைகள் சிலவற்றில் இது பெயரளவுக்கே இருக்கும். விரலால் தடவிப் பார்த்து வாங்குக.

பழைய தட்டச்சு முறையில் தேர்வு எழுதித் தேறிய மூத்த ஊழியர்கள் அம்முறையிலேயே விரைவாக எழுதுவர். அவர்களை மாற்றிக்கொள்ளும்படி வற்புறுத்துவது எனக்கு உடன்பாடன்று. மென்பொருளில் அந்த அமைப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். யூனிகோடில் எழுத்து விழுகிறதா என்பதே பார்க்கவேண்டியது. 2010-இல் அரசு அதைத் தரமாக ஏற்றுவிட்டது.

மடிக்கணிப்பொறி உள்ள இடங்களில்

மடிக்கணிப்பொறியில் திரையும் விசைகளும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், கை வசதியாக இருந்தால் கழுத்து குனிகிறது. கழுத்து நிமிர்ந்தால் கை உயர்கிறது. பழைய பதிவேடுகள் நான்கைந்தை அடுக்கி அதன்மேல் பொறியை வைத்து, தனி விசைப்பலகையை மேசைமீது வைத்துக்கொண்டால் இத்துன்பம் நீங்கும். முழங்கை செங்கோணமாகவும் மணிக்கட்டு நேராகவும் இருக்கவேண்டும். பலகையின் பின்புறக் கால்களை உயர்த்தி வைப்பது பலருக்கு வழக்கம். அதனால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைகிறது. மடக்கி வைப்பதே நலம்.

சிறிய மடிக்கணிப்பொறிகளில் எண்களுக்குரிய தனிப்பகுதி இராது. கணக்கு ஏற்றுபவருக்கு அப்பகுதி இன்றியமையாதது. ஆனால் அது சேர்ந்த நீண்ட பலகையை வைத்தால், சுட்டியை எட்ட வலக்கையை வெகுதூரம் நீட்டவேண்டியிருக்கிறது, தோள் வலிக்கிறது. எண் பகுதி மட்டும் தனியாகவும் விற்கிறது. அதை இடப்புறம் வைத்துப் பழகிய ஓர் ஊராட்சி செயலரைப் பார்த்தேன். இடக்கையால் எண்ணும் வலக்கையால் சுட்டியுமாக மிக வேகமாக வேலை செய்தார். நானும் முயன்று பார்த்தேன். எனக்கு அது வரவில்லை.

சுட்டியைப் பற்றி

மவுஸ் என்று யாவரும் அழைக்கும் சுட்டியை அமெரிக்கரான டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் மக்கள்முன் இயக்கிக் காட்டினார். அன்றைய சுட்டியின் அடியில் சக்கரங்கள் இருந்தன. பிறகு உருளும் பந்து வந்தது. இன்றைய சுட்டி ஒரு சிறு விளக்கால் மேசையின்மீது ஒளி பாய்ச்சி, அம்மேற்பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படம் பிடித்து, படங்களை ஒப்பிட்டுத் தன் நகர்வை அறிகிறது. ஆகவே அதற்குப் பார்ப்பதற்கு ஏதேனும் ஒரு பரப்பு வேண்டும். நம் அலுவலக மேசைகளிலோ கண்ணாடி போட்டு, அதற்கடியில் தொலைபேசி எண்களை வைத்திருக்கிறோம். கண்ணாடியில் சுட்டி தடுமாறுவது இயற்கை. சுட்டி கெட்டுவிட்டதென்று புதிது வாங்குமுன், அடியில் ஒரு கோப்பு அட்டையை வைத்துப் பாருங்கள்.

கடைக்காரர் கூறும் டி.பி.ஐ. எண்ணுக்கு மயங்கவேண்டாம். அலுவலக வேலைக்கு ஏறத்தாழ 1000 போதும். உள்ளங்கைக்குப் பொருந்தும் அளவே முக்கியம். இடக்கைப் பழக்கமுள்ளோர் இருந்தால் இருபுறமும் ஒரே வடிவமுள்ளதை வாங்கவேண்டும். பொத்தான் தேய்ந்த சுட்டி, ஒருமுறை அழுத்தியதை இருமுறையாகக் கொள்ளும். இணையத்தில் படிவம் அனுப்பும்போது இது விபரீதமாக முடியும்.

கம்பியில்லாதவை மேசையைச் சுத்தமாக வைக்கும் என்பது உண்மையே. ஆயினும் பலர் வந்து போகும் அலுவலகத்தில் அதன் சிறு ஏற்பி காணாமற்போகும். கணக்கு முடிக்கும் நாளில் மின்கலம் தீரும். இதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. 2016-இல் ஆராய்ச்சியாளர்கள், பல நிறுவனங்களின் பாதுகாப்பற்ற ஏற்பிகள் வழியே வெளியார் தொலைவிலிருந்தபடி பொய்யான விசையழுத்தங்களைச் செலுத்த முடியும் என்று காட்டினர். மின்னணுக் கையொப்பச் சாவி செருகியிருக்கும் பொறிக்குக் கம்பியுள்ளதே தக்கது. செருகிடம் போதவில்லையென்றால், அதைப் பெருக்கும் ஒரு இணைப்பான் வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும்போது, கடையிலுள்ள கணிப்பொறியிலேயே பலகையைச் செருகி, எண் விசை ஒவ்வொன்றையும் மெல்ல, வேகமாக, ஓரத்தில் என மூன்று வகையாகப் பத்து முறை அழுத்தி எண்ணிப் பாருங்கள். பிறகு ந, ய, ச, ழ வரும் தமிழ் வரி ஒன்றை எழுதுங்கள். உத்தரவாத அட்டையில் தேதியும் முத்திரையும் பெறுங்கள். கணக்கு முடிக்கும் வாரம் வருமுன் இதே சோதனையை அலுவலகத்திலுள்ள பலகைக்கும் செய்து, ஒரு விசை தவறினாலும் அன்றே மாற்றிவிடுவதற்காக, அலமாரியில் உதிரியாக ஒன்றை வைத்திருக்கும்படி எங்கள் ஊராட்சி செயலர்களிடம் கூறியுள்ளேன். பழையதை, 'எண் 7 பழுது' என்று சீட்டு ஒட்டித் தனியே வைக்கவேண்டும். இல்லையேல் அடுத்த மாதமே யாராவது அதை எடுத்து மீண்டும் செருகிவிடுவார்கள்.