விமானம் மாறினால் வியாபாரி பார்க்க வேண்டியவை

மூட்டையின் மேலுள்ள முத்திரையை மட்டும் பார்த்து நாம் சரக்குக்குப் பணம் கொடுப்பதில்லை. குத்தூசியால் குத்தி, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். ஆனால் விமான டிக்கெட் என்று வந்தால் நிறுவனத்தின் பெயரை நம்பியே லட்சக்கணக்கில் கொடுத்துவிடுகிறோம். பிறகு விமானத்தை மாற்றிவிட்டதாகச் செய்தி வந்தால், யோசிக்காமல் சம்மதமும் சொல்லிவிடுகிறோம். நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒற்றைப்படை ஆண்டுகளில் அக்டோபர் மாதம் அனுகா உணவுப்பொருள் கண்காட்சி நடக்கிறது. 2025-ல் அக்டோபர் 4 முதல் 8 வரை ஐந்து நாட்கள் நடந்தது. மசாலாப் பொடி ஏற்றுமதி செய்யும் நம் அன்பர் ஒருவர் இதற்காக, ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் சென்னை - பிராங்க்பர்ட் நேரடி விமானத்தில் பிசினஸ் கிளாஸ் எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து நாள் இருக்கும்போது, "உங்கள் விமானம் ரத்து, மறுநாள் இடம் தருகிறோம்" என்று செய்தி வருகிறது. ஒரு நாள் போனால் சந்தையில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. அவர் வளைகுடா நிறுவனம் ஒன்றுக்கு மாறலாமா? ஐந்து விஷயங்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

1. நேரம்: வீட்டு வாசலிலிருந்து கண்காட்சி வாசல் வரை கணக்கிட வேண்டும். பிராங்க்பர்ட் விமான நிலையத்திலிருந்து கொலோனுக்கு விரைவு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். வேறு விமானத்தில் டுசல்டோர்ப் நகரில் இறங்கினால் கொலோன் இன்னும் அருகில்.

2. இருக்கை: ஒரே நிறுவனத்திலும் விமானத்துக்கு விமானம் இருக்கை மாறும். எமிரேட்ஸின் ஏ380 விமானத்தில் வரிசைக்கு 1-2-1 என்ற அமைப்பு. எல்லோருக்கும் நடைவழி உண்டு. அதன் பழைய 777 விமானங்களிலோ 2-3-2. நடுவில் மாட்டிக்கொள்பவரும் உண்டு. எனவே எந்த விமானம் என்று கேட்டு, இருக்கை வரைபடத்தையும் பார்க்க வேண்டும். மாதிரிச் சரக்கு கொண்டு செல்பவர்கள் அனுமதிக்கும் எடையையும் கேட்க வேண்டும்.

3. சட்டம்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் சட்டப்படி, விமானம் ரத்தானால் பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்றுப் பயணமா என்று முடிவு செய்யும் உரிமை பயணிக்கே. 14 நாட்களுக்குள் தெரிவித்த ரத்துக்கு, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரமானால் 600 யூரோ இழப்பீடு உண்டு. நிறுவனத்தின் கைமீறிய காரணங்களுக்கு விலக்கு. கீழ் வகுப்பில் உட்கார வைத்தால் அந்தப் பயணக் கட்டணத்தில் 75 சதவீதம் திரும்பத் தர வேண்டும். ஆனால் இங்கிருந்து போகும்போது ஐரோப்பிய நிறுவனங்களுக்கே இது பொருந்தும். ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

4. ஒரே டிக்கெட்: முதலில் பணத்தைத் திரும்பக் கேட்பது தவறு. கடைசி நேரத்தில் நாமே வாங்கும் டிக்கெட் விலை ஏறியிருக்கும். "அதே வகுப்பில், அன்றே போய்ச் சேரும் வேறு விமானத்தில் மாற்றித் தாருங்கள்" என்று எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டு தனி டிக்கெட்டுகளாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் பொறுப்பு நம் தலையில்தான். போகும் பயணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டால் திரும்பும் பயணமும் ரத்தாகிவிடும்.

5. பில்: 2025 செப்டம்பர் 22 முதல் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். தொழில் பயணமானால் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. டிக்கெட் மாறும்போது புதிய பில்லிலும் நம் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் அன்பருக்கு விடை இதுதான்: மறுநாள் விமானத்துக்குச் சம்மதம் சொல்லக் கூடாது. பழைய நிறுவனமே தன் செலவில் வளைகுடா வழியாக மாற்றித் தந்தால் தாராளமாக மாறலாம். தானே பணம் போட்டு மாறுவது கடைசி வழி. சம்மதம் என்ற ஒரு சொல்லைச் சொல்லும் முன் டிராவல் ஏஜெண்டிடம் ஒரு மணி நேரம் பேசினால் போதும். ஒரு நாள் சந்தை மிஞ்சும்.