மலைப்பாதை வண்டியின் விசிறிப் பட்டி
தேய்ந்த பட்டியை நீங்களே மாற்றும் முறை

அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளிற் கமஞ்செய்வோருக்கு விளைச்சலை எடுப்பது பாதி வேலை. அதனை வாடுமுன் சந்தை சேர்ப்பது மறுபாதி. போஞ்சியும் லீக்சும் கோவாவும் வழியிற் காத்துக்கிடக்கும் பொருள்களல்ல. அவற்றை ஏற்றிச் செல்லும் பழைய வண்டி ஏற்றத்தின் நடுவே நின்றுவிடின் ஒரு பருவத்தின் உழைப்பில் ஒரு பங்கு அங்கேயே வீணாகும். அவ்வாறு நிற்பதற்குரிய காரணங்களுள் மிக எளிதாகத் தடுக்கக்கூடியது தேய்ந்த விசிறிப் பட்டியாகும். இதனை வழக்கில் ‘பான் பெல்ற்’ என்பர்.

நம் நாட்டிற் பழைய வண்டிகளைப் பேணுதல் இன்றும் அவசியமான கலையே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ள வண்டியைக் காப்பாற்றியவரே வண்டி உடையவராய் இருந்தார். 1948 இல் வெளிவந்த மொரிஸ் மைனர் இனத்துக் கார்களும் வான்களும் இன்னும் நம் வீதிகளில் ஓடுகின்றன. இங்கே அவ்வகை வண்டியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பட்டி செய்யும் இரு வேலைகள்

இவ்வண்டியில் ஒரே பட்டி மூன்று கப்பிகளைச் சுற்றி ஓடுகின்றது. கீழே எஞ்சினின் பிரதான கப்பி. அது பட்டியை இழுக்கின்றது. மேலே விசிறியும் நீர்ப் பம்பியும் சேர்ந்த கப்பி. பக்கத்தில் டைனமோவின் கப்பி. ஆகவே பட்டி அறுந்தால் பற்றறிக்கு மின்னேற்றம் நிற்பதோடு, எஞ்சினைச் சுற்றும் நீரோட்டமும் விசிறியின் காற்றும் அக்கணமே நின்றுபோம்.

இதனை நீங்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். ஓடும்போது முகப்பிலே சிவப்பு விளக்கு எரிந்தால், “பற்றறிக் கோளாறுதானே, வீடு சேர்ந்து பார்ப்போம்” என்று பலர் தொடர்ந்து ஓட்டுவர். அறுந்தது பட்டியாயின், சிறிது தூரத்திலேயே நீர் கொதித்து, சிலிண்டர் தலை வளைந்து, அதன் கீழுள்ள காஸ்கெற்றும் கெடும். ஒரு பட்டியின் விலையோடு போக வேண்டியது, எஞ்சினைக் கழற்றும் செலவாக முடியும். சிவப்பு விளக்கைக் கண்டால் அகன்ற இடமொன்றில் வண்டியை ஒதுக்கி எஞ்சினை நிறுத்தி, முதலிற் பட்டியைப் பாருங்கள்.

மலைநாட்டில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தை, பெரகலை வழியாக அப்புத்தளைக்கு வரும் வண்டி ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏறுகின்றது. எஞ்சின் மிகுந்த பாரம் இழுக்கும். வண்டியோ மெதுவாகச் செல்வதால் எதிர்காற்றின் உதவி குறையும். அன்றியும், கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும் நீர், சுமார் 1,430 மீற்றர் உயரமுள்ள அப்புத்தளையில் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதிக்கும். சமவெளியில் ஒருவாறு தாக்குப்பிடிக்கும் தளர்ந்த பட்டி, இங்கே தாங்காது.

தேய்வின் அறிகுறிகள்

மாதம் ஒருமுறை, எஞ்சின் குளிர்ந்திருக்கையிற் பட்டியைத் திருப்பி அதன் உட்புறத்தைப் பாருங்கள். குறுக்கு வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், எண்ணெய் ஊறி மென்மையாதல், பக்கங்கள் கண்ணாடிபோற் பளபளத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் பட்டியை மாற்றுக.

இப்பட்டி தன் சரிந்த பக்கங்களாலேயே கப்பியைப் பற்றுகின்றது. தேய்ந்து ஒடுங்கி, கப்பியின் பள்ளத்து அடியைத் தொட்டுவிட்டால், எவ்வளவு இறுக்கினாலும் அது வழுக்கும். பனிமூட்டமுள்ள காலையிற் சிறிது கீச்சிட்டு ஓய்வது ஈரத்தால் ஆகலாம். நாள் முழுவதும் கீச்சிடுமாயின் பட்டி தளர்ந்தோ தேய்ந்தோ இருக்கின்றதென அறிக.

மாற்றும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிறேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் அடை கொடுக்கவும். சாவியை எடுத்துவிட்டு, பற்றறியிலிருந்து வண்டியின் உடலோடு இணையும் கம்பியைக் கழற்றவும். தொங்கும் துணி, மோதிரம், கைக்கடிகாரம் ஆகியன வேண்டாம்.

2. டைனமோவைத் தாங்கும் இரு மரையாணிகளையும், நீள்துளையுள்ள பட்டயத்தின் ஆணிகளையும் தளர்த்தவும். முற்றாகக் கழற்ற வேண்டியதில்லை. இவை அங்குல அளவின. மில்லிமீற்றர் ஸ்பானரை வலிந்து பொருத்தினால் ஆணித்தலை உருண்டுவிடும்.

3. டைனமோவை எஞ்சின் பக்கமாகத் தள்ளுக. பட்டி தளரும். அதனை டைனமோக் கப்பியிலிருந்து முதலில் எடுத்து, பின் மற்றக் கப்பிகளிலிருந்து விடுவித்து, விசிறியைக் கையாற் சுற்றி ஒவ்வோர் இதழாகக் கடத்தி வெளியே எடுக்கவும்.

4. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து அகலமும் நீளமும் ஒப்பிடுக. பழையது சற்று நீண்டிருத்தல் இயல்பு. வேறுபாடு பெரிதாயின் கடையிற் கொடுத்து மாற்றிக்கொள்க.

5. கப்பிகளை உலர்ந்த துணியாற் துடைக்கவும். எண்ணெயோ கிறீசோ பூசலாகாது. விசிறியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, பம்பியின் அடியில் நீர் கசிந்தாலோ, பம்பியையும் திருத்துதல் வேண்டும். அன்றேற் புதிய பட்டியும் விரைவிற் கெடும்.

6. புதிய பட்டியை விசிறி இதழ்களின் மேலாகக் கடத்தி, பிரதான கப்பியிலும் பம்பிக் கப்பியிலும் இட்டு, இறுதியாக டைனமோக் கப்பியில் ஏற்றவும். திருப்புளியால் நெம்பி ஏற்றாதீர்கள். உள்ளிருக்கும் நூல்கள் அறுந்து, பட்டியின் ஆயுள் கண்ணுக்குத் தெரியாமலே குறையும்.

7. டைனமோவைக் கையால் வெளிப்புறமாக இழுத்துப் பிடித்து, பட்டயத்தின் ஆணியை முதலிலும், தாங்கும் ஆணிகளைப் பின்னரும் இறுக்கவும். நீண்ட பக்கத்தின் நடுவே பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழ வேண்டும். வண்டியின் கைநூல் வேறு அளவு கூறின் அதனையே கொள்க. தளர்ந்தால் வழுக்கும், மிக இறுகினால் டைனமோவினதும் பம்பியினதும் பெயரிங்குகள் தேயும்.

8. பற்றறிக் கம்பியை மாட்டி, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுக. வேகம் கூட்டியதும் சிவப்பு விளக்கு அணைய வேண்டும். எஞ்சினை நிறுத்தி இறுக்கத்தை மறுபடியும் பார்க்கவும். புதிய பட்டி முதற் சில நாள்களிற் சற்று இளகும்; ஆதலால் ஒரு வார ஓட்டத்தின்பின் மீண்டும் சோதித்தல் வேண்டும்.

எச்சரிக்கை

கொதித்த றேடியேற்றரின் மூடியை உடனே திறவாதீர்கள்; நீராவி சீறி முகத்தையும் கையையும் வேகவைக்கும். எஞ்சின் நன்றாகத் தணியும்வரை பொறுத்திருங்கள். சூடான எஞ்சினிற் குளிர்நீரை ஊற்றினால் வார்ப்பு வெடிக்கவுங் கூடும்.

பிற்காலத்து வண்டிகள் பலவற்றில், மூடியின் உள்ளே பற்களுள்ள பட்டி ஒன்று வால்வுகளை இயக்கும். அது வேறு, ஒரு பல் தவறினும் எஞ்சின் கெடலாம். அவ்வேலையைக் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் விடுக.

கமத்து இயந்திரங்களுக்கும் இதுவே

இரு சில்லு உழவு இயந்திரத்திலும் பட்டியால் ஓடும் நீரிறைக்கும் பம்பியிலும் இதே இனப் பட்டிகளே உள்ளன. ஓடும் இயந்திரத்தில் ஒருபோதும் கை வைத்தலாகாது. கழற்றிய காப்பு மூடியைத் திரும்ப மாட்டியபின்பே இயக்குக. இரண்டு மூன்று பட்டிகள் இணைந்து ஓடும் இடத்தில் ஒன்று கெட்டாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையது நீண்டிருப்பதால், புதியது ஒன்றே பாரம் முழுவதையும் தாங்கி விரைவில் அறும்.

அளவு சரியான மாற்றுப் பட்டி ஒன்றும் இரண்டு ஸ்பானர்களும் எப்பொழுதும் வண்டியில் இருக்கட்டும். கழற்றிய பட்டி அறாமலிருந்தால் அதனையும் எறியாமல் வைத்திருங்கள். ஆபத்தில் ஊர்வரை கொண்டுவந்து சேர்க்கும். மரக்கறி ஏற்றும் நாளுக்கு முன்தினமே பட்டியைப் பார்க்கும் வழக்கத்தை உண்டாக்கிக்கொள்க. வீட்டு முற்றத்தில் அரை மணி நேரத்தில் முடியும் வேலையைப் பெரகலை ஏற்றத்தில், இருளிலும் மழையிலும் செய்ய வேண்டிய நிலை உங்களுக்கு வராது.