தாங்குதல் என்னும் சாதனை

மருத்துவமனைகளில் அன்றாடம் ஒலிக்கும் ஆங்கிலச் சொல் 'பேஷண்ட்'. நோயாளி என்பது அதன் பொருள். அதே சொல் 'பொறுமையுள்ள' என்ற பொருளிலும் வழங்குகிறது. நோய்க்கும் பொறுமைக்கும் ஒரே சொல் அமைந்தது எவ்வாறு?

'பதியென்ஸ்' என்ற லத்தீன் சொல்லே இதன் மூலம். 'துன்பத்தைத் தாங்குகின்ற' என்பது அதன் பொருள். அது பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. அதே வேரிலிருந்து பிறந்தவை வேறு மூன்று சொற்கள். ஏசுநாதரின் பாடுகளையும், மனத்தை ஆட்கொள்ளும் பேருணர்ச்சியையும் குறிப்பது 'பாஷன்'. பிறருடன் சேர்ந்து தானும் துன்புறுவது 'கம்பாஷன்', அதாவது கருணை. செயலற்று, நேர்வதற்கெல்லாம் ஆட்பட்டுக் கிடப்பது 'பாஸிவ்'.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தாங்குவதும் செயலற்றிருப்பதும் ஒரே வேரில் பிறந்தவை என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

தமிழில் 'பொறை' என்ற சொல் சுமையையும் குறிக்கும், பொறுமையையும் குறிக்கும். சுமையைத் தாங்கி நிற்பவன் அசையாமல் நின்றாலும் அவனது வலிமை முழுவதும் செயல்பட்டுக்கொண்டே இருக்கிறது. பொறுமையும் அத்தகையதே.

கீதையின் இரண்டாம் அத்தியாயம் இதைத் தெளிவாக்குகிறது. குளிரும் வெப்பமும், இன்பமும் துன்பமும் வந்து போகின்றவை, அவற்றைப் பொறுத்துக்கொள் என்று 14-ஆம் சுலோகத்தில் பகவான் உபதேசிக்கிறார். அவரே 18-ஆம் சுலோகத்தில், ஆகவே போர் புரிவாயாக என்று ஆணையிடுகிறார். பொறுத்துக்கொள்பவனே கடமையைச் செய்யவும் வேண்டும்.

வேதாந்தம் கூறும் ஆறு அகச் செல்வங்களுள் ஒன்று திதிக்ஷை. துன்பங்களை எதிர்ச்செயல் நாடாமல், கவலையும் புலம்பலும் இன்றித் தாங்குவதே திதிக்ஷை என்கிறது 'விவேகசூடாமணி'. அப்படியானால் நோயுற்றவன் மருந்தை விலக்க வேண்டுமா? வேண்டியதில்லை. உடல் தர்மத்திற்குரிய கருவி; அதைப் பேணுவது கடமை. மருந்து உடலுக்கு உரியது, திதிக்ஷை மனத்திற்கு உரியது. மருந்து உண்ட பின்னும் எஞ்சுகின்ற வலியை, 'எனக்கு மட்டும் ஏன் இந்தத் துன்பம்?' என்று புலம்பாமல் ஏற்பதே சாதனை. அதைச் செய்பவர் 'பேஷண்ட்' என்ற சொல்லின் இரு பொருளுக்கும் உரியவராகிறார்.

நோயாளியின் அருகில் இருப்பவருக்கும் அதே வேர் ஒரு பணியைத் தந்திருக்கிறது. உடனிருந்து அத்துன்பத்தில் பங்குகொள்வதே அப்பணி. கருணை என்பது அதுவே.