ஊருக்கு என்ன கிடைக்கும்?

உள்ளாட்சிச் சீர்திருத்தத்துக்கு வெளிநாடுகள் உதவுவதாகச் சொல்கிறார்கள். கருத்தரங்கும் அறிக்கையும் தவிர ஊர்க்காரருக்கு அதில் என்ன கிடைக்கும்?
– வாசகி, கும்பகோணம்

நிறையவே கிடைக்கும், உக்ரைனைப் பாருங்கள். அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன ஊர் மன்றங்கள் இருந்தன. பலவற்றின் வரவில் பெரும்பகுதி அலுவலகச் செலவுக்கே போனது. 2014-இல் தொடங்கிய சீர்திருத்தம் அவற்றை இணைத்து, 2020-இல் 1,469 'ஹ்ரொமாடா' எனும் பெரிய ஊராட்சிகளாக ஆக்கியது. அங்கே வசூலாகும் தனிநபர் வருமான வரியில் 60 சதவீதம் ஊருக்கே வந்தது. இதுதான் உயிர்நாடி. இதைச் சட்டமாக்கியது உக்ரைனேதான், வெளியார் அல்ல.

ஐரோப்பிய ஒன்றியமும் ஜெர்மனி, ஸ்வீடன் போன்ற நாடுகளும் 'யூ-லீட்' திட்டத்தின் வழியே கைகொடுத்தன. புதிய மன்றத்தாருக்கு பட்ஜெட் போடவும் திட்டமிடவும் பயிற்சி தந்தார்கள். முகவரிப் பதிவு முதல் சொத்துப் பதிவு வரை ஒரே இடத்தில் முடிகிற சேவை மையங்களை அமைக்க உதவினார்கள். மாவட்டத் தலைநகருக்கு அலையும் வேலை குறைந்தது. 2022-இல் போர் மூண்டபோது, இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குத் தங்குமிடம் தேடித் தந்ததில் இந்த மன்றங்களின் பங்கு பெரிது.

இனி இப்படியொரு திட்டம் பற்றிக் கேள்விப்பட்டால், வரியில் ஊருக்கு எவ்வளவு, அதைச் செலவிட யார் கையெழுத்து வேண்டும் என்று கேளுங்கள். பயிற்சி மட்டும்தான் என்றால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.