சூளையின் வெப்பம் மின்சாரமாகுமா?

1881ஆம் ஆண்டில் ஏற்பட்ட பெருந்தீ கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் சாம்பலாக்கியது. பின்னர், நகரம் செங்கல்லால் கட்டப்பட்டது. அதற்கான செங்கற்களைச் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ். பெயரிலேயே செங்கல் இருக்கிறது. சூளையின் வாயருகே நின்றவர்களுக்கு, அதைத் தொடாமலேயே முகம் காந்தியிருக்கும். அவ்வெப்பம் கதிர்வீச்சாக வந்தது. அதுவும் ஒளியின் இனமே. ஆனால், பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்.

சூரிய ஒளியைப் போல இக்கதிர்களையும் மின்சாரமாக மாற்றலாம். அதற்கான கருவி வெப்ப ஒளிமின்கலம். கூரைமேல் காணும் சிலிக்கான் தகடு இவ்வேலைக்கு ஒத்துவராது. ஒவ்வொரு குறைக்கடத்திக்கும் ஓர் ஆற்றல் எல்லை உண்டு. அதற்குக் கீழான ஆற்றலுடைய கதிர்கள் எவ்வளவு விழுந்தாலும் மின்சாரம் பிறக்காது. உலைக்கதிர்களில் பெரும்பாலானவை சிலிக்கானின் எல்லையை எட்டாதவை. ஆகவே, இந்தியம், காலியம், ஆர்செனிக் ஆகியவை சேர்ந்த, எல்லை தாழ்ந்த பொருள்களை ஆய்வாளர்கள் நாடுகின்றனர்.

அப்போதும் பயன்படாத கதிர்கள் மிஞ்சும். அவை கலத்திலேயே தங்கினால் அதைச் சூடாக்கி, அதன் திறனைக் குறைக்கும். சூரியன் தந்த ஒளியில் வேண்டாததைச் சூரியனிடமே திருப்பித் தர முடியாது. உலையோ கலத்தின் எதிரிலேயே இருக்கிறது! கலத்தின் பின்புறம் தங்கப் படலத்தைக் கண்ணாடிபோல் அமைத்தால், வேண்டாத கதிர் உலைக்கே திரும்பி அதை மீண்டும் சூடாக்கும். 2020இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கத்துக்கும் கலத்துக்கும் இடையே மெல்லிய காற்றிடைவெளி விட்டனர். வேண்டாத கதிர்களில் ஏறத்தாழ 99 விழுக்காடு திரும்பியது. கலத்தின் செயல்திறன் 30 விழுக்காட்டைத் தாண்டியது. 2022இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர், அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்துடன் சேர்ந்து 40 விழுக்காட்டை எட்டினர். நீராவிச் சுழலிகளின் சராசரித் திறன் ஏறத்தாழ 35 விழுக்காடுதான்.

ஆனால், 40 விழுக்காட்டை எட்டிய கலத்தின் எதிரே இருந்த வெப்பம் 2,400 பாகை செல்சியஸ். இரும்பே 1,538 பாகையில் உருகிவிடும். கிள்ளான் வட்டார எஃகு ஆலைகளில் செந்நிறமாய் ஒளிர்ந்தபடி உருளைகளுக்கு இடையே செல்லும் எஃகுத் துண்டின் வெப்பம் ஏறத்தாழ 1,100 பாகை. வெப்பம் குறையக் குறையக் கதிரின் ஆற்றலும் குறையும், பிடிப்பது கடினமாகும்.

காஜாங்கிலுள்ள தெனாகா நேஷனல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்துறையில் உழைத்து வருகின்றனர். 2021இல் வெளியான அவர்களது ஆய்வு, கலத்தின் ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதைக் கணினியிடம் தேடவிட்டது. கணினி பல வடிவங்களைச் சோதித்து, சிறந்தவற்றைக் கலந்து, அடுத்த தலைமுறை வடிவங்களை உண்டாக்கும். உழவர் நல்ல விதைகளைப் பொறுக்கி மறுபடியும் விதைப்பது போலத்தான்.