திரியில்லா அடுப்பு

பள்ளி ஆய்வுக்கூடத்தில் நம்மில் பலர் முதன்முதல் கையாண்ட நெருப்பு, சாராய விளக்கின் நெருப்பே. கண்ணாடிக் குப்பி, பருத்தித் திரி, நீலச் சுடர், அணைப்பதற்கு ஒரு மூடி. இவையே அதன் உறுப்புகள். அவ்விளக்கிலிருந்து திரியை எடுத்துவிட்டால், எரிபொருளைச் சுடருக்குக் கொண்டுசேர்ப்பது எது? இவ்வினாவுக்கு விடையாக அமைந்ததே, மலையேறுவோர் காலியான பான டின்களைக் கொண்டு தாமே செய்துகொள்ளும் எரிசாராய அடுப்பு. விடுமுறையில் மலையேறச் செல்லும் நம் சங்கத்து நண்பர்கள் சிலர் இதன் செய்முறையை எழுதுமாறு கேட்டனர். எழுதுகிறேன், ஆனால் செய்முறையோடு நிறுத்தப் போவதில்லை. அதற்குரிய காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

இவ்வடுப்பின் மூத்த உறவினர் சுவீடன் நாட்டைச் சேர்ந்தது. 1925-இல் அங்குத் தொடங்கப்பெற்ற டிராங்கியா நிறுவனம், 1951-இல் காற்றுத் தடுப்போடு கூடிய முகாம் அடுப்பை உருவாக்கிற்று. அதன் எரிகலம் பித்தளையாலானது. இரட்டைச் சுவர் உடையது. அமெரிக்காவில் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் நெடும்பாதை போன்றவற்றில் மாதக்கணக்கில் நடப்போர், முதுகுச் சுமையைக் கிராம் கணக்கில் குறைக்க முயல்பவர்கள். அவர்களிடையே, அதே இரட்டைச் சுவர் முறையில் அலுமினிய டின்னாலான அடுப்பு பரவியது. இதன் எடை 20 கிராமுக்கும் குறைவு. செலவு ஏதுமில்லை எனலாம்.

வேலை செய்யும் விதம்

எரிவது நீர்மமன்று, அதன் ஆவியே எரிகிறது. எத்தனால் என்னும் எரிசாராயம் 78 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் கொதிக்கும். நடுக்குழியில் ஊற்றிப் பற்றவைத்தவுடன் முதலில் குழியின் மேற்பரப்பு மட்டும் எரியும். அச்சுடரின் வெப்பம் அலுமினியச் சுவர் வழியே இறங்கி, இரு சுவர்களுக்கிடையே உள்ள எரிசாராயத்தைக் கொதிக்கச் செய்கிறது. அங்குப் பிறக்கும் ஆவி கீழே செல்ல இயலாது. அடியிலுள்ள நீர்மமே அதற்குத் தாழ்ப்பாள். ஆகவே அது மேலுள்ள நுண்துளைகள் வழியே பீறிட்டு வெளிவந்து, வட்டமாகச் சுடர் விடுகிறது. பற்றவைத்த ஒரு நிமிடத்திற்குள் இதனைக் காணலாம்.

ஒரு மில்லிலிட்டர் எத்தனால் எரிந்தால் ஏறத்தாழ 21 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும். அதே அளவைச் சூடாக்கி ஆவியாக்க ஒரு கிலோஜூலுக்கும் குறைவாகவே வேண்டும். நூற்றுக்கு நான்கு பங்கு என்று கொள்ளலாம். விளைச்சலில் ஒரு பங்கை உழவர் விதைநெல்லாக ஒதுக்குவதைப் போல, இவ்வடுப்பு தன் வெப்பத்தில் அச்சிறு பங்கைத் தனக்கென ஒதுக்கிக்கொள்கிறது. திரியின் வேலையைச் செய்வது இவ்வெப்பமே.

எவ்வளவு எரிபொருள் வேண்டும்? அரை லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 167 கிலோஜூல் தேவை. வெப்பம் சிறிதும் வீணாகாவிடில் 8 மில்லிலிட்டர் போதும். ஆனால் காற்றும் பாத்திரத்தின் பக்கங்களும் தம் பங்கைக் கவர்ந்துகொள்ளும். எனவே 20 மில்லிலிட்டர் அளந்து ஊற்றுதல் நலம். மலையில் 3,000 மீட்டர் உயரத்தில் நீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு எளிதில் வேகாது. இவ்வடுப்பில் சாம்பாரை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். காப்பி, அவல், சேமியா ஆகியவற்றுக்கு இது போதும்.

செய்முறை

வேண்டியவை: 330 மில்லிலிட்டர் அலுமினிய டின்கள் மூன்று (இரண்டு காலி, ஒன்று திறவாதது), சவரத் தகடு, கத்தரிக்கோல், குண்டூசி, தடித்த கையுறை. வெட்டிய விளிம்பு கத்தியைப் போன்றது, கையுறையின்றித் தொடலாகாது.

1. முதல் காலி டின்னின் அடியைச் சுற்றியுள்ள வளையத்திற்கு வெளியே, சரிவான தோளில் சம இடைவெளியில் 16 துளைகளைக் குண்டூசியால் இடுக. வளையத்திற்கு உட்பட்ட குழிந்த பகுதியைத் தகட்டால் கீறி அகற்றுக. டின் முழுமையாக இருக்கும்போதே இவற்றைச் செய்தால் நசுங்காது. பின்னர் அடியிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுக. இது மேற்பகுதி.

2. இரண்டாம் காலி டின்னை அடியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுக. இது கீழ்ப்பகுதி. நேராக வெட்ட ஒரு வழி உண்டு. தடித்த புத்தகத்தின் தாள்களுக்கிடையே தகட்டை வேண்டிய உயரத்தில் செருகி, டின்னை அதன்மேல் அணைத்துச் சுழற்றுக. கீறல் விழுந்த இடத்தில் டின் எளிதாகப் பிரியும். தேர்வு முடிந்த பாடநூலுக்கு இப்படியும் ஒரு பயன்!

3. எஞ்சிய தகட்டிலிருந்து ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டையை வெட்டி, உருளையாகச் சுருட்டி இணைக்க. கீழ்ப்பகுதியின் உட்புறத்தில் வளையத்தை ஒட்டி ஒரு பள்ளம் உண்டு. உருளை அதில் நிற்க வேண்டும். உருளையின் கீழ் விளிம்பில் மூன்று சிறு வெட்டுகள் இடுக. எரிசாராயம் இவற்றின் வழியேதான் நடுக்குழியிலிருந்து இடைவெளிக்குச் செல்லும்.

4. திறவாத டின்னைக் கீழ்ப்பகுதியினுள் அழுத்தி அதன் வாயைச் சற்று விரியச் செய்க. உருளையை நிறுத்தி, மேற்பகுதியைக் கவிழ்த்துக் கீழ்ப்பகுதியினுள் மெல்லச் செலுத்துக. உருளை இரு பள்ளங்களிலும் பொருந்தும்வரை சீராக அழுத்துக.

டின்னின் உட்பூச்சு முதன்முறை எரியும்போது புகையும். ஆகவே முதல் ஓட்டத்தை வெட்டவெளியில், சமையலின்றி நடத்துக. மூன்று கல்லை அடுப்புக்கூட்டி, பாத்திரம் எரிகலத்திற்கு மூன்று சென்டிமீட்டர் மேலே இருக்குமாறு அமைக்கலாம். காற்றுத் தடுப்பு வேண்டும். ஆனால் அதன் கீழ்ப்புறம் காற்று நுழைய வழி இருத்தல் வேண்டும்.

எரிபொருள்

மரவேலைக்காரர் அரக்கு மெருகுக்குப் பயன்படுத்தும் ஸ்பிரிட் பெரும்பாலும் எத்தனாலே. ஆயினும் அதில் மெத்தனால் கலந்திருக்கக்கூடும். மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணொளியைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது மெத்தனால் கலந்த சாராயத்தாலேயே என்பதை நாம் மறக்கலாகாது. எனவே குடிநீர்க் குப்பியில் எரிசாராயத்தை ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். குப்பியின்மேல் ‘நஞ்சு’ என்று பெரிதாக எழுதுங்கள். ஐசோபுரொப்பைல் வகை, பாத்திரத்தில் கரி படியவிடும். பெட்ரோலும் தின்னரும் இவ்வடுப்பில் கூடவே கூடா.

மற்றொன்று: எளிதில் தீப்பற்றும் பொருளைத் தொடர்வண்டியில் எடுத்துச் செல்வது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். அடுப்பை மட்டும் எடுத்துச் சென்று, ஸ்பிரிட்டைப் போய்ச் சேர்ந்த ஊரில் வாங்குக.

காணாத சுடர்

இனி, முன்பு சொன்ன காரணத்திற்கு வருகிறேன். மண்ணெண்ணெயின் சுடர் மஞ்சளாய்த் தெரிவது, அதில் கரித்துகள்கள் கனன்று ஒளிர்வதால். எத்தனால் சுடரில் அத்துகள்கள் மிகக் குறைவு. இருளில் மெல்லிய நீலமாய்த் தோன்றும் அச்சுடர், நண்பகல் வெயிலில் கண்ணுக்கே புலப்படுவதில்லை.

சென்ற குளிர்காலத்தில் இமயமலைச் சரிவில், பனியின்மேல் வெயில் கூசிய ஒரு நண்பகலில், நானும் விடுதி நண்பன் ஒருவனும் தேநீர் வைத்தோம். நீர் கொதிக்கும் முன்பே அடுப்பு அணைந்துவிட்டதாக நினைத்தோம். நண்பன் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்தான். நான் குப்பியைச் சாய்த்தேன். அடுப்பு அணைந்திருக்கவில்லை. நெருப்பு, விழும் எரிசாராயத்தின் வழியே மேலேறிக் குப்பியினுள் புகுந்தது. உள்ளே நிறைந்திருந்த ஆவி பற்றி, எரியும் நீர்மத்தை வெளியே பீச்சியடித்தது. அது விழுந்த இடம் அவனுடைய வலக்கை. குடிநீர் முழுவதையும் அக்கையில் ஊற்றினோம். மருத்துவமனைக்கு இறங்க நான்கு மணி நேரம் ஆயிற்று. தழும்பு இன்றும் இருக்கிறது. அவன் அதைப் பற்றி என்னைக் குறை கூறியதில்லை. எத்தனால் சுடரின் தன்மையைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். அன்று குப்பியைச் சாய்த்ததும் நான்தான்.

ஆகவே இவ்விதிகளைச் செய்முறையின் பகுதியாகவே கொள்ளுங்கள்:

எரியும் அடுப்பிலும் சூடான அடுப்பிலும் எரிசாராயம் ஊற்றாதீர்கள். அணைந்ததெனத் தோன்றினால் ஒரு பெரிய உலோகக் குவளையை அதன்மேல் கவிழ்த்து, முழுதும் ஆறும்வரை காத்திருங்கள். வெறுங்கையில் எடுத்து வைத்துக்கொள்ளும் அளவு ஆறிய பிறகே மீண்டும் ஊற்றலாம். அதையும் குப்பியிலிருந்து நேரே ஊற்றாமல், சிறு அளவுக் கிண்ணத்தில் ஊற்றிக் குப்பியை மூடித் தொலைவில் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

கூடாரத்தினுள்ளும் விடுதி அறையிலும் பற்றவைக்காதீர்கள். தீ மட்டுமன்று, கார்பன் மோனாக்சைடும் அங்கு எதிரி. கோடையில் பைன் மரக்காடுகளில் உலர்ந்த ஊசியிலைகள் தரையெங்கும் கிடக்கும்; அங்கு இவ்வடுப்பு கவிழ்ந்தால் காடே எரியும். எப்போதும் ஒரு வாளி நீர் அருகில் இருக்கட்டும். தீப்புண்ணைக் குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மையோ பற்பசையோ தடவாதீர்கள்.

நண்பர்களே, இவ்வடுப்பைச் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். முதன்முறை பற்றவைப்பதை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு நீலச் சுடர்களும் எவ்வளவு உயரம் எழுகின்றன, எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று நன்றாகப் பார்த்து நினைவில் வையுங்கள். மறுநாள் வெயிலில் அவை கண்ணுக்குத் தெரியா. ஆனால் அங்கேதான் இருக்கும்.